திங்கட்கிழமைத் தலைவலி

கும்பகோணத்தில் மச்சினர் மகள் கல்யாணம். போகிற அவசரத்தில் மாத்திரை டப்பாவைக் குன்னூர் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலேயே விட்டுவிட்டேன். 38 வருஷம் மருந்துக்கடை நடத்தியவன் நான். 11 வருஷம் முன்னால் நெஞ்சுவலி வந்து, ஒரு ஸ்டென்ட் வைத்து, அன்றிலிருந்து தினமும் காலையில் மெட்டோப்ரோலால் 50 மில்லிகிராம் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் போடாவிட்டால் என்ன, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இதே வார்த்தையை வேறு யாராவது என் கடையில் சொல்லியிருந்தால் அரைமணி நேரம் திட்டியிருப்பேன்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி தூக்கம் வரவில்லை. கொசு என்று நினைத்தேன். மூன்றாம் நாள் முகூர்த்தக் காலையில் மண்டபத்துப் படி ஏறும்போது கீழே தவில்காரர் ஒரு தாளம் வாசிக்க, என் நெஞ்சுக்குள் வேறொரு தவில் வேறொரு தாளத்தில் ஓடியது. முதுகெல்லாம் வியர்வை. மலையில் இருக்கிறவனுக்குக் கும்பகோணத்து வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். என் மனைவி மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“என்னங்க, மாத்திரை போட்டீங்களா?”

பதில் சொல்லாமல் இருந்தேன்.

“ஊருக்கெல்லாம் மாத்திரை குடுக்கிற மனுஷன்!”

நாற்காலியில் உட்காரவைத்து, என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் சார்பிட்ரேட்டை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தாள். தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. ஆட்டோவில் போய்ச் சேர்ந்த இடத்தில் நாடித்துடிப்பு 118, ரத்த அழுத்தம் 170க்கு 100. ஈ.சி.ஜி.யில் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த இளம் டாக்டர் மாத்திரையை மறுபடி தொடங்கி, சாயங்காலம் வரை படுக்கவைத்தார். கிளம்பும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஆரம்பிக்கிறதுக்கு எல்லாரும் எங்ககிட்ட வர்றாங்க சார். நிறுத்துறதுக்குத்தான் யாரும் கேக்குறதில்ல.”

இதய மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். மனப்பாடமாக ஒப்பித்த பாடம் அது. நிறுத்தினால் ஆபத்து என்று முதலில் கண்டுபிடித்தது யார், எப்படி என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஊர் திரும்பியதும், கடையை மகனிடம் விட்டுவிட்ட ஓய்வில், தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அந்தக் கதை எந்த ஆஸ்பத்திரியிலும் தொடங்கவில்லை. வெடிமருந்து ஆலைகளில் தொடங்குகிறது.

1847ல் இத்தாலியின் டூரின் நகரத்தில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியலாளர் கிளிசரினோடு நைட்ரிக் அமிலத்தையும் கந்தக அமிலத்தையும் சேர்த்து, எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைச் செய்தார். நைட்ரோகிளிசரின். தட்டினால் வெடிக்கும், சூடு பட்டால் வெடிக்கும். அந்தக் காலத்து வேதியியலாளர்களுக்கு எதைச் செய்தாலும் ருசி பார்க்கிற பழக்கம் இருந்தது. சொப்ரேரோவும் ஒரு துளியிலும் துளியை நாக்கில் வைத்துப் பார்த்தார். விழுங்கக்கூட இல்லை. மண்டை விண் விண்ணென்று தெறித்தது, கைகால் சோர்ந்துபோனது. அதையும் எழுதி வைத்தார். இந்த மருந்தின் முதல் பக்கவிளைவைப் பதிவு செய்தவர் அவர்தான். அப்போது அதை மருந்து என்று யாரும் நினைக்கவில்லை.

அந்தத் திரவத்தைத் தொழிலாக்கியவர் ஆல்ஃபிரட் நோபல். 1864ல் ஸ்டாக்ஹோமில் அவர் கொட்டகை வெடித்ததில் தம்பி எமில் செத்துப்போனான். மூன்று வருஷம் கழித்து, நைட்ரோகிளிசரினைக் கீசெல்கூர் என்னும் நுண்துளை மண்ணில் ஊறவைத்து, கையில் எடுத்துப் போகிற பக்குவத்துக்குக் கொண்டுவந்து, டைனமைட் என்று பெயர் வைத்தார். 1871ல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஆர்டீர் என்ற மணல்மேட்டில் ஒரு பெரிய ஆலை எழுந்தது. அமிலத்தோடு கிளிசரின் சேரும்போது சூடு ஏறாமல் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருக்க அங்கே ஒரு ஆள் வேண்டும். அவருக்கு ஒற்றைக்கால் முக்காலிதான் கொடுப்பார்கள். கண் சொக்கினால் கீழே விழுந்து விழித்துக்கொள்வார். வெடிக்கு அப்படிப் பயந்தார்கள். ஆவியாகக் காற்றில் கலந்தும், விரல் தோல் வழியாகவும் அது ரத்தத்துக்குள் போவதைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை.

ஆனால் தொழிலாளிகளுக்குத் தெரிந்திருந்தது. டைனமைட் ஆலைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாளே மண்டையைப் பிளக்கும் தலைவலி. முகம் சிவக்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். நாலைந்து நாளில் எல்லாம் அடங்கிவிடும், உடம்பு பழகிவிட்டது என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு. திங்கட்கிழமை திரும்பி வந்தால் அதே தலைவலி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே அதற்குத் ‘திங்கட்கிழமைத் தலைவலி’ என்றே பெயர் வந்தது. இந்த ஆலைத் தொழிலாளிகளின் கோளாறுகளை அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் 1898லும் 1914லும் வெளியிட்டிருக்கிறது. டாக்டர்கள் எழுதுவதற்கு முன்பே ஆட்கள் வைத்தியமும் கண்டுபிடித்துவிட்டார்கள். சனிக்கிழமை வீட்டுக்குக் கிளம்பும்போது கொஞ்சம் நைட்ரோகிளிசரினைத் தொப்பியின் உள்பட்டையில் தடவிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரிவார்கள். நெற்றி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். உடம்பு பழக்கத்தை மறக்காது. திங்கட்கிழமை தலைவலி இல்லை.

இதைப் படித்தபோது புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். தோலில் ஒட்டும் நைட்ரோகிளிசரின் பட்டையை என் கடையில் நானே விற்றிருக்கிறேன். நவீனமான கண்டுபிடிப்பு என்று விளக்கமும் கொடுத்திருக்கிறேன். படிக்காத ஆலைக்காரன் தன் தொப்பியில் அதை எப்போதோ செய்து பார்த்துவிட்டான்!

அதே காலத்தில் ஆஸ்பத்திரிப் பக்கமும் ஒரு பாதை திறந்தது. 1867ல் எடின்பரோவில் தாமஸ் லாடர் பிரன்டன் என்ற இளம் டாக்டர், ஆமைல் நைட்ரைட்டை முகரச் செய்தால் நெஞ்சு இறுக்கம் தணிகிறது என்று எழுதினார். லண்டனில் வில்லியம் முரெல் நைட்ரோகிளிசரின் கரைசலைக் கையில் எடுத்தார். நூற்றில் ஒரு பங்கு மட்டும் மருந்து கலந்த கரைசல். புட்டியின் ஈரமான தக்கையை நாக்கில் தொட்டுவிட்டு நோயாளியைப் பார்க்கப் போயிருக்கிறார். ஓரிரு நிமிஷத்தில் கழுத்தும் தலையும் துடிக்க ஆரம்பித்து, ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் கையில் இருந்த பேனா குதித்ததாம். அவர் பயந்து ஓடவில்லை. அளவைக் குறைத்து, திரும்பத் திரும்பத் தன்மேலேயே பார்த்து, பிறகு நெஞ்சுவலிக்காரர்களுக்குக் கொடுத்து, 1879ல் லான்செட் இதழில் வெளியிட்டார். இன்று நம் ஊரில் இதயக்காரர் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிற சார்பிட்ரேட் அதே நைட்ரேட் வம்சத்துப் பிள்ளை.

டைனமைட்டின் சொந்தக்காரருக்கே கடைசியில் நெஞ்சுவலி வந்தது. நோபலுக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுத்த மருந்து நைட்ரோகிளிசரின். இது விதியின் விளையாட்டு இல்லையா என்று 1896ல் ஒரு கடிதத்தில் எழுதினார். மருந்துக்கடைக்காரரும் சனங்களும் மிரளாமல் இருக்க அதற்கு ட்ரினிட்ரின் என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள் என்றும் கேலி செய்தார். அந்த வருஷம் டிசம்பர் 10ல் இத்தாலியின் சான் ரெமோவில் செத்துப்போனார். மருந்துக்கடைக்காரன் என்ற முறையில் நான் சொல்கிறேன், அவர் கேலி நியாயமானது. பெயரை மாற்றினால் நாங்களும் மிரள மாட்டோம்.

எங்கள் மலைக்கும் இந்த வம்சத்தோடு உறவு உண்டு. குன்னூரிலிருந்து ஊட்டி போகும் மலை ரயிலில் வெலிங்டனுக்கு அடுத்த நிலையம் அருவங்காடு. வெள்ளைக்காரன் காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே கார்டைட் ஃபேக்டரி வந்தது. துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் புகை குறைந்த மருந்து வேண்டும் என்று 1889ல் ஏபல், டுவார் என்ற இரண்டு வேதியியலாளர்கள் செய்தது கார்டைட். முதல் பக்குவத்தில் நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, 5 பங்கு வாசலின். அருவங்காட்டிலிருந்து வருகிற பெரியவர்களுக்கு எத்தனையோ முறை சார்பிட்ரேட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கும் இந்தப் பக்கம் நின்ற எனக்கும் அந்த உறவு தெரியாது.

தலைவலியோடு கதை முடிந்திருந்தால் வேடிக்கைக் கதையாகவே போயிருக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வேறொரு கணக்கு வெளியே வந்தது. வெடிமருந்து ஆலைகளில் வேலை செய்கிற, வயதாகாத ஆட்கள் சிலர் திடீரென்று செத்தார்கள். வேலை நேரத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில், அல்லது திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில். விஷத்தின் பக்கத்தில் இருக்கும்போது நன்றாக இருந்தவன், விஷத்தை விட்டு ஒன்றிரண்டு நாள் தள்ளி இருந்தால் சாகிறான். முதலில் யாராலும் நம்ப முடியவில்லை. 1963ல் இந்த மரணங்களைப் பற்றிய கட்டுரை ஒன்று வந்தது. 1972ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு வெடிமருந்து ஆலையின் தொழிலாளிகள் ஒன்பது பேரைப் பற்றி இதயநோய் இதழ் ஒன்றில் எழுதினார்கள். லீவு நாளில், வேலை ஏதும் செய்யாமல் இருக்கும்போதே நெஞ்சுவலி. குழாய் விட்டுப் படம் எடுத்துப் பார்த்தவர்களிடம் ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை. குழாய் தானே சுருங்கிப் பிடித்துக்கொள்கிறது. நைட்ரோகிளிசரின் கொடுத்தால் விரிகிறது.

விளக்கம் இதுதான். நைட்ரோகிளிசரின் ரத்தக்குழாயை விரிக்கிறது. வாரம் முழுக்க விரித்தால், உடம்பு சும்மா இருக்குமா? சுருக்குகிற பலத்தைக் கூட்டிக்கொள்கிறது. இரண்டும் இழுபறியில் நிற்கும்போது ஆள் நன்றாக இருக்கிறான். சனிக்கிழமை ஒரு பக்கத்துக் கயிற்றை விட்டுவிட்டால், மறுபக்கம் இழுத்தவன் என்ன ஆவான்? வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும்.

கடையில் பலர் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கும் இங்கேதான் பதில் கிடைத்தது. “நைட்ரேட் மாத்திரை காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு எழுதியிருக்காரு. ராத்திரிக்கு எழுத மறந்துட்டாரா?” மறக்கவில்லை. இடைவிடாமல் கொடுத்தால் ஆலைக்காரன் உடம்பு பழகியது போல நோயாளி உடம்பும் பழகி, மருந்து வேலை செய்யாமல் போகும். ஆகவே ராத்திரி பத்து, பன்னிரண்டு மணி நேரம் மருந்துக்கு லீவு. தோல் பட்டையையும் படுக்கும்போது கழற்றச் சொல்வது இதற்குத்தான். தொழிலாளி விரட்டப் பார்த்த ஞாயிற்றுக்கிழமையை, அளவோடு, டாக்டர்கள் தினம் தினம் நோயாளிக்குக் கொடுக்கிறார்கள்.

இனி என் மாத்திரைக்கு வருகிறேன். ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக், இதயத்துக்கு ரத்தத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக அதன் வேலையைக் குறைத்தால் என்ன என்று யோசித்தார். அட்ரினலின் வந்து தட்டுகிற கதவை அடைத்துவிட்டால் இதயம் பதறாது. 1964ல் ப்ரோப்ரனலால் வந்தது. அதன் தம்பிதான் மெட்டோப்ரோலால். 1988ல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் அந்த மருந்தைச் செய்தது ஐ.சி.ஐ. என்ற கம்பெனியில். 1926ல் நாலு பெரிய கம்பெனிகள் சேர்ந்து ஐ.சி.ஐ. ஆனது, அதில் ஒன்று ஆர்டீர் ஆலையை வைத்திருந்த நோபல் கம்பெனி. வெடிமருந்து விற்ற வீட்டிலேயே நெஞ்சைச் சாந்தப்படுத்துகிற மாத்திரையும் பிறந்திருக்கிறது.

இந்த மாத்திரைக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. 1974லும் 1975லும் அமெரிக்க டாக்டர்கள் எழுதினார்கள்: ப்ரோப்ரனலாலைச் சட்டென்று நிறுத்திய நெஞ்சுவலிக்காரர்களில் சிலருக்கு இரண்டு வாரத்துக்குள் வலி முன்னைவிட மோசமாகத் திரும்புகிறது; மாரடைப்பும் மரணமும்கூட நேர்ந்திருக்கின்றன. என் கடை பாஷையில் சொன்னால், மாத்திரை பாதி ஷட்டரை இறக்கிவிடுகிறது. அட்ரினலின் உள்ளே வரமுடியாததால் உடம்பு, சுவரில் புதிய வாசல்களைத் திறந்து வைக்கிறது. ஒருநாள் ஷட்டரை முழுசாகத் தூக்கினால் பழைய வாசல், புதிய வாசல் எல்லாவற்றிலும் கூட்டம் ஒரே நேரத்தில் நுழைகிறது. கும்பகோணத்தில் என் நெஞ்சுக்குள் அடித்த தவில் அதுதான். அதற்குப் பிறகு மாத்திரைக் காகிதத்தில் எச்சரிக்கை அச்சாயிற்று, படிப்படியாகக் குறை என்ற விதி வந்தது.

ரத்த அழுத்தத்துக்குத் தருகிற குளோனிடினும் இப்படித்தான். ஜெர்மனியில் 1960களின் தொடக்கத்தில் மூக்கடைப்புக்கு என்று செய்தார்கள். சளி பிடித்திருந்த ஆபீஸ் பெண்மணி ஒருவருக்கு மூக்கில் விட, அவர் ஒரு நாள் முழுக்கத் தூங்கி, அழுத்தமும் நாடியும் இறங்கிக் கிடந்தார். அப்படித்தான் அது அழுத்த மருந்தானது. அதை நாள் கணக்காகப் போட்டுவிட்டுச் சட்டென்று விட்டால், ஒன்றிரண்டு நாளில் அழுத்தம் பழைய அளவையும் தாண்டி ஏறும். “பிரஷர் நார்மலாயிடுச்சு, அதான் விட்டுட்டேன்” என்று சொல்லி வந்தவர்களில் சிலரை நான் நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். காசு போதாமல் பத்து மாத்திரைக்குப் பதில் அஞ்சு கேட்டவர்களும் இருந்தார்கள். “அஞ்சு நாள் கழிச்சு வாங்க” என்று சொன்னேனே தவிர, அந்த ஆறாம் நாள் அவர்களுக்கு என்ன ஆகும் என்று அப்போது நினைத்துப் பார்த்ததில்லை.

போன வருஷம் மாத்திரையை நிறுத்துகிற முறை எனக்கே வந்தது. நாடித்துடிப்பு 48க்கு இறங்கி, சந்தைக்கு நடந்துபோய் வந்தால் கால் இழுத்தது. இதயத்தின் பம்பு நன்றாகத்தான் இருக்கிறது, இனிமேல் இது வேண்டாம் என்று என் டாக்டர் சொன்னார். மாரடைப்புக்கு அப்புறம் பம்பு பழுதாகாதவர்களுக்கு இந்த மாத்திரையால் லாபம் தெரியவில்லை என்று 2024ல் ஸ்வீடனை மையமாக வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு சொன்னது. அதே வருஷம் பிரான்ஸில் நடந்த ஆய்வு, நெடுநாளாகப் போட்டவர்கள் நிறுத்துவது போடுவதற்குச் சமமான பத்திரம் என்று நிரூபணமாகவில்லை என்றது. ஆகவே ஆளுக்கு ஆள் பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம் என்றார் அவர். கும்பகோணத்துக் கதையைச் சொன்னேன். “அப்போ இன்னும் மெதுவாப் போவோம்” என்றார்.

50லிருந்து 25, இரண்டு வாரம். 25லிருந்து 12.5, இன்னும் இரண்டு வாரம். கடைக்கணக்கு எழுதுகிற நீள நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, காலையும் மாலையும் நாடி, அழுத்தம், தூக்கம் எழுதினேன். 25க்கு இறங்கிய நாலாம் நாள் நாடி 66, கை வெதுவெதுப்பு, ராத்திரி நெஞ்சுத்துடிப்பு காதில் கேட்டது. டாக்டருக்குப் போன் செய்தேன். உட்கார்ந்திருக்கும்போது 100ஐத் தாண்டினாலோ, நெஞ்சு இறுகினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே வா, இது அது இல்லை என்றார். காப்பி இரண்டிலிருந்து ஒன்றாயிற்று. குன்னூர் ஏற்றங்களை ஒரு மாதம் விட்டுவிட்டு, சமதரையாக இருக்கிற தெருவில் மட்டும் நடந்தேன். அந்த ஊரில் அப்படித் தெரு கண்டுபிடிப்பதே ஒரு வேலை. துடிப்பு எகிறினால் உட்கார்ந்து, நூறு வரை எண்ணுவேன். மனைவி நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, “தூக்கம்ங்கிற இடத்துல நல்லாத் தூங்கினேன்னு எழுதியிருக்கீங்க, ராத்திரி முழுக்க லைட்டு எரிஞ்சுதே” என்பாள். அடித்துத் திருத்துவேன்.

கடைசி மாத்திரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து விழுந்தது. நான் திட்டமிட்டதல்ல, கணக்கு அப்படி வந்தது. திங்கட்கிழமை விடியும்போது ஆர்டீர் மணல்மேட்டில் வேலைக்குக் கிளம்புகிறவனைப் போலப் படுக்கையில் உட்கார்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். 72. செவ்வாய் 80. புதன் 86, லேசான தலைவலி. அடுத்த வாரம் மெல்ல இறங்கி, இப்போது 70ஐ ஒட்டி நிற்கிறது. காலும் இழுக்கவில்லை.

டப்பாவில் மிஞ்சிய 25 மில்லிகிராம் மாத்திரைகளைக் கடையில் மகனிடம் கொடுத்தேன். திரும்ப வாங்கமாட்டோம், தூக்கிப்போடுங்கள் என்றான், சட்டம் தெரிந்த பையன். சார்பிட்ரேட் மட்டும் இன்னும் பையில் இருக்கிறது. அதை டாக்டர் விடச் சொல்லவில்லை. சட்டை துவைக்கப் போடும்போதெல்லாம் மனைவி பையைத் துழாவி அந்தப் பட்டையை எடுத்து, காலாவதித் தேதி பார்த்து, அடுத்த சட்டையில் வைக்கிறாள். நான் தொப்பி போடுவதில்லை.